பின்படி

சவப்பெட்டி பின்படியின் வளைவில் இறுகி நின்றது. தூக்கியவர்களில் ஒருவன் சுவரோடு நசுங்கி மூச்சு வாங்கினான்.

"நிமித்திப் பிடிச்சால்தான் இறக்கலாமாம், அம்மா," என்றாள் துசானி.

மேல்படியில் நின்ற குகனேஸ்வரி தலையை ஆட்டினாள். "வேண்டாம் பிள்ளை. கொப்பர் உள்ளுக்கை சரிஞ்சுபோவார்."

இத்தாலியின் பலெர்மோ நகரில், லிபெர்த்தா வீதியில் உள்ள அந்த வீட்டைப் பராமரித்து, அதன் உச்சி அறையிலேயே குடும்பத்தோடு இருந்தவர் துசானியின் அப்பா நகுலேஸ்வரன். முந்தின நாள் அங்கேயே கண்ணை மூடினார்.

வீட்டைக் கட்டியவர் ஹெர்பர்ட் லாங்டன் என்ற ஆங்கிலேயர். இங்கிலாந்தில் தேவாலயங்களும் நூலகங்களும் கட்டிப் பெயரெடுத்தவர். நெஞ்சுநோயோடு பலெர்மோவுக்கு வந்து, முதல் உலகப்போருக்குச் சற்று முன் ஒரு வைன் வியாபாரிக்காகக் கட்டிய இதுதான் அவருடைய கடைசி வீடு. கட்டடக்கலை படித்த துசானி அவரைப் பற்றித்தான் ஆய்வு எழுதினாள். சனிக்கிழமைகளில் வீடு பார்க்க வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்பவளும் அவள்தான். வேலைக்காரர் யார் கண்ணிலும் படாமல் ஏறி இறங்க, சுவருக்குள் ஒளித்துக் கட்டிய இந்தப் பின்படியை லாங்டனின் பெரிய கெட்டித்தனம் என்று மெச்சுவாள். எரிவாயுச் சிலிண்டரும் தண்ணீர்ப் போத்தல்களுமாக அப்பா அதில் ஏறியது அவளுக்குத் தெரியாததல்ல.

பெட்டியை மறுபடி மேலே ஏற்றச் சொல்லிவிட்டு, வீட்டுக்குள் திறக்கும் கதவைத் தட்டினாள். வீட்டின் சொந்தக்காரக் கிழவி, அவர்கள் சிஞ்ஞோரா என்று அழைப்பவள், இரட்டைக் கதவின் ஒரு பாதியைத் திறந்தாள்.

"இன்று சனிக்கிழமை, துசானி. கீழே ஆட்கள் நிற்கிறார்கள். அவர்கள் போகும்வரை பொறுக்கலாமா?"



"இல்லை, சிஞ்ஞோரா," என்றாள் துசானி இத்தாலிய மொழியில். "அப்பா இப்போது முன்படியால் போவார்."

கிழவி அவளையே பார்த்தாள். பிறகு குனிந்து மற்றப் பாதிக் கதவின் தாழ்ப்பாளை இழுத்தாள். அது துருப்பிடித்திருந்தது. இருவரும் சேர்ந்து இழுத்தார்கள்.

முன்படி அகலமானது. நீள்கவுன் போட்ட சீமாட்டிகள் தடுக்கிவிடாமல் இருக்க லாங்டன் படிகளைத் தாழ்த்தி வைத்திருந்தார். பெட்டி ஆடாமல் இறங்கியது. கீழே நின்றவர்கள் பேச்சை நிறுத்தி ஒதுங்கினார்கள்.

"யார்?" என்று ஒருவர் மெதுவாகக் கேட்டார்.

"இந்த வீட்டில் இருந்தவர்," என்றாள் துசானி.

தாயைக் காணாமல் திரும்பிப் பார்த்தாள். குகனேஸ்வரி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, கைப்பிடியைத் தொடாமல், சுவரோரமாக இறங்கி வந்துகொண்டிருந்தாள்.