மடங்காத மூன்று விரல்கள்

கௌரியின் வலது கையில் மூன்று விரல்கள் மடங்கவில்லை. காப்பிப் பழம் தோலுரிக்கும் பல்பர் இயந்திரத்தில் சிக்கிய கை அது. கரண்ட் இல்லாத நேரம் என்று அவள் அதன் உள்ளே கையை விட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள். கரண்ட் வந்ததும், ஒரு வார்த்தை கேட்காமல் சுவிட்சைப் போட்டவர் மாமனார் ஐயாக்கண்ணு. கேட்டவர்களிடமெல்லாம், கட்டிய புருஷனிடமும்கூட, "நாந்தானுங்க பாக்காம கைய உட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டாள் அவள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். கிழவர் வாயில் கொழுக்கட்டை வைத்தவர்போல இருந்துவிட்டார். சோறுதான் இறங்கவில்லை.

ஏற்காட்டில் கைப்பயிற்சி கொடுக்கும் மரியபுஷ்பம் டாக்டரம்மா, பச்சை நிறத்தில், பிசைந்த மாவுபோல மெத்தென்ற, ‘புட்டி’ என்கிற உருண்டை ஒன்றைக் கொடுத்திருந்தார். தினம் மூன்று வேளை பிசைய வேண்டும். சுவருக்குப் பூசுகிற பட்டியைக் கொடுத்து ஆளை ஏய்க்கிறார்கள் என்பது ஐயாக்கண்ணுவின் கட்சி. மகன் வெங்கடேஷ் ஜீப் சவாரிக்குப் போய்விட்டதால், இந்த முறை அவர்தான் ஊரான தலைச்சோலையிலிருந்து துணைக்கு வந்தார்.

டாக்டரம்மா விரல்களை மடக்கிப் பார்த்தார். முகம் மாறியது.

"போன மாசம் பாத்த மாதிரியே இருக்கே. ஊட்டுல பண்றியா? இப்படியே உட்டா இறுகிப்போயிரும் கண்ணு. அப்புறம் சோறுகூடப் பெசைய முடியாது."

"பண்றனுங்க."

"வெரலப் பாத்தா தெரியலியா எனக்கு?"

ஐயாக்கண்ணு குறுக்கே பாய்ந்தார். "அந்தப் பட்டியில ஒண்ணுமில்லீங்க. அவளை எதுக்குங்க வையறீங்க?"

கௌரி தலை குனிந்தாள். "அமுக்குனா வலியில கத்திப்போடறனுங்க. சத்தம் கேட்டா மாமா எந்திரிச்சுக் காட்டுக்குப் போயிடறாரு. சாப்புடக்கூட வர்றதில்லீங்க. அதான் எடுக்கறதில்ல."

செவிட்டில் அறைந்ததுபோல இருந்தது ஐயாக்கண்ணுவுக்கு.

"நாந்தானுங்க சுவிச்சப் போட்டவன்" என்றார்.

"சும்மா இருங்க மாமா..."

"நீ சும்மா இரு புள்ள. அவ பொய் சொல்லிக் காப்பாத்துனா. நானும் வெக்கங்கெட்டுப்போயிக் காப்பாத்த உட்டனுங்க. வெங்கடேசு வந்ததும் நானே சொல்றேன்."

டாக்டரம்மா புட்டியை எடுத்துக் கௌரியின் உள்ளங்கையில் வைத்தார். "பெரியவரே, உக்காருங்க. எந்திரிக்கக் கூடாது."

முதல் அமுக்கில் கௌரிக்குக் கண் நிறைந்தது. இரண்டாவதில் "ஐயோ" என்றாள். கிழவரின் கால் தானாக வாசல் பக்கம் திரும்பியது. நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"எத்தன தடவைங்க?"

"பத்து."

"மூணு" என்று அடுத்த அமுக்கை அவரே எண்ணினார். "கத்தோணும்னா கத்து கண்ணு. இங்கதான் இருக்கறேன்."