நாலு பொன்னாடைக்குக் கீழே ஒரு நெஞ்சு

1

இந்தக் கதை பிறந்தது ரோசத்தில். சென்ற மாதம் வேலையிடத்து முதலுதவி வகுப்பில் ரப்பர் பொம்மையின் நெஞ்சை நான் அமுக்கிய அழகைப் பார்த்து, ரொட்டிக்கு மாப் பிசைகிறீர்களா என்று கேட்டார் ஜேர்மன் பயிற்றுநர். வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: "டோர்ட்மண்டில் அன்று மழை மெல்லத் தூறி—"

வேண்டாம். இந்த ஊரில் மழை ஒரு செய்தியா?

2

தமிழ்ப் பாடசாலை ஆண்டு விழா. தலைவர் இராசலிங்கம் அண்ணைக்கு நாலாவது பொன்னாடை போர்த்துகிறார்கள். நன்றி சொல்ல வாயெடுத்தவர் அப்படியே மேடையில் சரிகிறார்.

கடைசி வரிசையில் சிவானுஜா. முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளர். "கிழடுகளைக் கழுவுறதும் ஒரு வேலையோ" என்று இதே மேடையில் அண்ணை சொன்ன நாளிலிருந்து, ஒன்பது வருடமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அந்தக் கோபத்தின் வேரை இனி மூன்று பக்கம்—

(மன்னியுங்கள். மனிதர் மூச்சில்லாமல் கிடக்கிறார். மூளை சில நிமிடம்தான் தாங்கும். அதில் பாதியை நான் தொடக்கம் தேடியே தின்றுவிட்டேன்.)

3

மேடையில் ஆளுக்கொரு வைத்தியம். ஒருவர் சோடா உடைக்கிறார், இன்னொருவர் நிகழ்ச்சி நிரலால் விசிறுகிறார். வீடியோக்காரர் றெக்ஸ் விடாமல் படம் எடுக்கிறார்.*

* இவரை வில்லனாக்கத்தான் நினைத்தேன். பாவம், பயத்தில் விரல் கமராவை விடவில்லை.

சிவானுஜா கூட்டத்தை விலக்கி மண்டியிடுகிறாள். தோளைத் தட்டிக் கூப்பிடுகிறாள். பதிலில்லை, மூச்சுமில்லை.

"சோடாவை வையுங்கோ. றெக்ஸ், கமராவை விட்டிட்டு 112க்கு அடிச்சு அம்புலன்சைக் கூப்பிடும். வாசல் சுவரில தொங்குற, நிண்ட நெஞ்சுக்குக் கரண்ட் அதிர்ச்சி குடுக்கிற பெட்டியை ஆராவது ஓடிப்போய் எடுத்து வாங்கோ."

நாலு பொன்னாடையையும் உருவி எறிகிறாள். கோட்டு, டை, சட்டைப் பொத்தான். நடு நெஞ்சில் கைமேல் கை வைத்து, முழங்கையை மடக்காமல், ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு அமுக்குகிறாள். ஒண்டு, ரெண்டு, மூண்டு. கிழடுகளைக் கழுவும் அதே கை—

[இதை அடித்துவிட்டேன். அண்ணையின் அந்தப் பழைய பேச்சு இப்போது அவளுக்கே நினைவில்லை. எண்ணிக்கை மட்டும்தான் நினைவு.]

4

முடிவு அ: அண்ணை கண் திறந்து மன்னிப்புக் கேட்கிறார். நெஞ்சு நின்றவர் எழுந்து வசனம் பேசுவது சினிமாவில்தான்.

முடிவு ஆ: எழுதக் கை வரவில்லை. எனக்கு அவரைப் பிடிக்காது. ஆனாலும் சாகக் கூடாது.

அம்புலன்ஸ் இன்னும் வந்து சேரவில்லை. பெட்டி எடுக்கப் போனவரும் திரும்பவில்லை. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும் என்பது விதி. சிவானுஜா நாலு நிமிடமாக அமுக்குகிறாள். அமுக்கும் ஆழம் குறைவது அவளுக்கே தெரிகிறது. நிமிர்ந்து பார்க்கிறாள். பொன்னாடை போர்த்த முண்டியடித்தவர்கள் எல்லோரும் ஓரடி பின்னால் நிற்கிறார்கள்.

"எனக்கு இனி ஏலாது. ஆராவது மாறுங்கோ."

அவள் பார்ப்பது உங்களை. நான் பேனாவை வைத்துவிட்டேன். மண்டியிடுங்கள். முப்பது முப்பதாக எண்ணுகிறவள் இந்தச் சுற்றில் இருபத்தேழு வரை எண்ணியிருக்கிறாள், அடுத்தது நீங்கள்.