நாற்காலிக்கு வணக்கம்

வீரலட்சுமியின் பேனா தாளைத் தொடுவதற்கும், பின்னால் மாமனார் செருமுவதற்கும் சரியாக இருந்தது.

"என்னத்தா அது? ரிஜிஸ்டருக்குள்ள வெள்ளைத் தாளு?"

அவள் சட்டென்று எழுந்து முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். கொல்லை வாசற்படிக்கு உள்ளே அவள்; வெளியே, படிக்குக் கீழே மணலில், பால்வாடி ஆயா பூமயில். இருவருக்கும் நடுவே படியின் மேல் வருகைப் பதிவேடு கிடந்தது. மூன்று வருடங்களாக, தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் அது அங்கேதான் கிடக்கும். பூமயில் அதைக் கையில் கொடுக்கக் கூடாது, படியில் வைக்க வேண்டும். வீரலட்சுமி எடுத்து, பூமயில் சொல்லச் சொல்ல வந்த பிள்ளை வராத பிள்ளையைக் குறித்துவிட்டு, 'ஆசிரியை' என்று அச்சடித்த இடத்தில் கையெழுத்துப் போட்டுத் திரும்பவும் படியில் வைப்பாள்.

அரசாங்கக் காகிதத்தில் அவள்தான் ஆசிரியை. திருப்புல்லாணிக்குத் தெற்கே, கடல் இரைச்சல் கேட்கும் தூரத்தில் இருந்த அந்த ஊருக்குப் பால்வாடி வந்தபோது, எட்டாவது படித்த பெண் வேண்டும் என்றார்கள். ஊரில் அப்படி இரண்டே பேர். ஒருத்தி, பெரிய தெரு நாகநாதனின் மூத்த மருமகள் வீரலட்சுமி. இன்னொருத்தி, அவர் வயலில் வேலை செய்யும் சின்னச்சாமியின் பெண்டாட்டி பூமயில். பாதிரியார் பள்ளிக்கூடத்தில் படித்தவள், கீழத்தெருக்காரி. யாருக்கு எந்த வேலை என்று நாகநாதன் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. மருமகள் ஆசிரியை, பூமயில் ஆயா. ஆனால் நாகநாதன் வீட்டுப் பெண்கள் தெருவில் இறங்கி நடப்பதில்லை. அது அந்த வீட்டு மரியாதை. ஆகவே பெயரும் சம்பளமும் பெரிய வீட்டில் இருந்தன. நாற்பது பிள்ளைகளும் பூமயிலிடம் இருந்தார்கள்.

நாகநாதன் குனிந்து தாளை எடுத்து உரக்கப் படித்தார்.

"'மூன்று ஆண்டுகளாகக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லி வருபவர் பூமயில் என்று சான்றளிக்கிறேன்.' அடேயப்பா. எழுத்து அச்சு மாதிரி இருக்கே. யாரு எழுதுனது?"

"நாந்தேன் அய்யா," என்றாள் பூமயில். "மதுரையில பால்வாடி டீச்சர் ஆகுறதுக்குப் பாலசேவிகா பயிற்சின்னு ஒண்ணு ஆரம்பிச்சிருக்காக. பதினோரு மாசம். எட்டாவதும் மூணு வருச அனுபவமும் இருந்தா எடுத்துக்கிருவாகளாம். முப்பது வயசு தாண்டக் கூடாதாம். வார ஆவணியோட எனக்கு முப்பது முடிஞ்சிரும் அய்யா. இந்தத் தடவ விட்டா எனக்கு எப்பவும் இல்ல."

திட்டுவார் என்று இருவரும் நினைத்தார்கள். அவர் சிரித்தார்.

"நீ போயிட்டா இந்தப் பால்வாடிய யாரு பாக்குறது? ஒன்ன மாதிரி புள்ளைகள வச்சுச் சமாளிக்க இந்தச் சுத்துவட்டாரத்துல ஆளு உண்டா? நல்லா வேல செய்யிறவள விட்டுட்டு நான் என்ன பண்ண?"

பூமயிலுக்குப் புரிந்தது. வேலை தெரியாதவளாக இருந்திருந்தால் என்றைக்கோ போகச் சொல்லியிருப்பார்கள். தெரிந்ததால் கட்டிப் போடுகிறார்கள்.

"சரி, ஒண்ணு செய்யி. பத்து நாள்ல பிளாக் ஆபீசரம்மா பாக்க வருது. புள்ளைக எல்லாம் எம் மருமகளப் பாத்து 'வணக்கம் டீச்சர்'னு ஒரே வாயில சொல்லணும். சோலி சுத்தமா நடந்துச்சுன்னா தாளுல கையெழுத்து வரும்."

"தாயி ஒரு நாளாச்சும் அங்கன வந்தாத்தான அய்யா புள்ளைகளுக்கு மொகம் தெரியும்?"

"ஆபீசர் வார அன்னிக்கு வருவா. அதுவரைக்கும் நம்ம வீட்டு நாற்காலிய அனுப்புறேன். அத வச்சுப் பழக்கு. தொடச்சு வைக்கலாம். யாரும் உக்காரக் கூடாது."

தாளை மடித்து வேட்டி மடியில் செருகிக்கொண்டு போனார். வீரலட்சுமி தலை நிமிரவில்லை. எல்லாம் அடங்கிய பிறகு மெல்லக் கேட்டாள்: "இருளாண்டிக்குக் காய்ச்ச விட்டுருச்சா பூமயிலு?"

நாற்பது பிள்ளைகளின் பெயரும் அவளுக்கு மனப்பாடம். யார் அழுவான், யார் பவுடர் பாலைக் குடிக்காமல் கொட்டுவாள், யாருக்கு நண்டுப் பாட்டு பிடிக்கும் என்பதெல்லாம் தெரியும். ஒரு முகம்கூடத் தெரியாது. தன் ஒரே மகனும் பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்ட வீட்டில், இந்த அரை மணி நேரம்தான் அவளுக்கு வெளியுலகம். மறுநாளிலிருந்து அதுவும் போயிற்று. பதிவேடு வரும் நேரத்தில் மாமனார் பக்கத்தில் வந்து நிற்கத் தொடங்கினார்.

சின்னச்சாமிக்கு விஷயம் தெரிந்ததும் சோற்றில் கை வைத்தபடியே இருந்துவிட்டான்.

"ஏ புள்ள, ஒனக்கு எதுக்கு இந்த வேல? அவுக வயலு, குடியிருக்கிற மனையும் அவுக மனை. நாளைக்கு வேலைக்கு வராதன்னுட்டா என்ன செய்வோம்?"

"ஆயாவாச் சேந்தா ஆயாவாத்தேன் சாகணும். ஒரு நாளும் மேல ஏற முடியாது. பாலசேவிகான்னா அதுக்கு மேல வேல இருக்கு, அதுக்கும் மேல இருக்கு. பத்து ஊரு பால்வாடியப் பாத்துக்கிறவுகளும் அங்கன இருந்துதேன் போனாகளாம். ஒரு படியாச்சும் ஏறிப் பாக்குறேனே."

சின்னச்சாமி தட்டைத் தள்ளி வைத்தான். அன்று அவன் சாப்பிடவில்லை.

பால்வாடி, நாகநாதனின் பழைய வைக்கோல் கொட்டகையில் நடந்தது. பூமயில் ஓலைத்தட்டியில் கடல் மணலைப் பரப்பி, பிள்ளைகளை விரலால் எழுத வைப்பாள். சிப்பியை எண்ண வைப்பாள். அழுகிற பிள்ளையிடம் மற்ற பிள்ளைகளைப் பற்றிக் கோள் சொல்லச் சொல்வாள். கோள் சொல்லும் ஆசையில் அழுகை நின்றுவிடும். இதையெல்லாம் அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பெரிய தெருப் பிள்ளைகள் பாயிலும் கீழத்தெருப் பிள்ளைகள் தரையிலும் உட்கார வேண்டும் என்பது ஊர்க் கட்டு. அவள் வட்டமாக நிற்கும் விளையாட்டாகப் பார்த்து விளையாட வைப்பாள்.

ஒன்றை மட்டும் அவளால் மாற்ற முடியவில்லை. கீழத்தெருப் பிள்ளைகள் அவளை 'அத்த' என்றார்கள். பெரிய தெருவின் மூன்று வயதுப் பிள்ளை 'ஏ பூமயிலு, மூக்கச் சிந்தி விடு' என்றது. அதை யாரும் உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை. தாய்ப்பாலோடு வந்துவிடுகிறது. அதனால் 'டீச்சர்' என்ற சொல்லே அந்தக் கொட்டகைக்குத் தேவைப்படாமல் இருந்தது.

இப்போது தேவைப்பட்டது. தேக்கு நாற்காலி வந்து நடுவில் உட்கார்ந்தது.

"டீச்சர் எங்க அத்த?" என்று கேட்டான் கீழத்தெரு பால்சாமி. நான்கு வயது; எதையும் கேட்காமல் விடமாட்டான்.

"வருவாகடா. இப்போதைக்கு இதான் டீச்சர்னு வச்சுக்க."

சின்னப் பிள்ளைகளிடம் எதையும் 'வச்சுக்க' என்று சொல்லக் கூடாது என்பது மூன்று வருடத்தில் அவள் கற்றுக்கொண்டதுதான். அவசரத்தில் மறந்துவிட்டாள். பத்து நாளும், பிள்ளைகள் கை கழுவி வரிசையாக உள்ளே வந்து, நாற்காலியைப் பார்த்துக் கும்பிட்டு, "வணக்கம் டீச்சர்" என்று கத்தினார்கள். பூமயில் எதைச் சொல்லிக் கொடுத்தாலும் நன்றாகச் சொல்லிக் கொடுப்பாள். கேடு அங்கேதான் இருந்தது.

ஆபீசர் வந்தார். உலகம்மாள் என்று பெயர். பருத்திச் சேலை, தோளில் பை. ஜீப்பை விட்டு இறங்கியதும் நேரே உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். வீரலட்சுமி முன்னதாகவே குடையும் வேலைக்காரியுமாக வந்து சுவரோரம் நின்றிருந்தாள். கல்யாணமாகி வந்த பிறகு பகல் வெளிச்சத்தில் தெருவில் அவள் நடந்தது அன்றுதான். வாசலில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நாகநாதன் நின்றார்.

"உட்காருங்க டீச்சர்," என்றார் உலகம்மாள், நாற்காலியைக் காட்டி.

"இருக்கட்டும்மா."

"உங்க நாற்காலிதானே, உட்காருங்க."

வீரலட்சுமி அசையவில்லை. நாகநாதன்தான் பெருமையோடு விளக்கினார்: "எம் மருமக எனக்கு முன்னால உக்கார மாட்டாம்மா. எங்க வீட்டுப் பழக்கம்."

"அப்ப நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்களேன்."

"அதெப்படி? அங்கன ஒங்க ஜீப்பு டிரைவர் நிக்கிறான். வேத்து ஆம்பள இருக்கிற எடத்துல நான் பக்கத்துல இல்லாம எங்க வீட்டுப் பொம்பளைய விட முடியுமா?"

அவர் இருக்கும்வரை அவள் உட்கார முடியாது. டிரைவர் இருக்கும்வரை அவர் போக முடியாது. பூமயில் எப்போதுமே உட்கார முடியாது. ஆகவே நாற்காலி காலியாகவே இருந்தது.

அந்த நேரத்தில்தான் பூமயில் பிள்ளைகளைக் கை கழுவ வைத்து வரிசையாக அழைத்து வந்தாள். பிள்ளைகள் உள்ளே வந்து சுவரோரம் நின்றவளையும் பார்க்கவில்லை, பெஞ்சில் இருந்தவரையும் பார்க்கவில்லை. நாற்காலிக்கு நேராகத் திரும்பிக் கும்பிட்டார்கள்.

"வணக்கம் டீச்சர்!"

கொட்டகையே அதிர்ந்தது. உலகம்மாள் முதலில் சிரித்துவிட்டார். பிறகு பால்சாமியைக் கிட்டே கூப்பிட்டார்.

"யாரு கண்ணு டீச்சர்?"

அவன் நாற்காலியின் கையைத் தட்டிக் காட்டினான். "இதான்."

"டீச்சர் என்ன சொல்லித் தருவாங்க?"

"டீச்சர் ஒண்ணும் சொல்லாது. சும்மாவே இருக்கும்."

"அப்ப பாட்டு, கதையெல்லாம்?"

பெரிய தெரு மீனம்மாள் முந்திக்கொண்டாள். "அதெல்லாம் பூமயிலு!"

பூமயில் கண்ணை மூடிக்கொண்டாள். தாள் நாகநாதனின் மடியிலேயே மக்கப்போகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

உலகம்மாள் பதிவேட்டைப் புரட்டினார். மூன்று வருடத்துக் கையெழுத்தும் ஒன்றுபோல அழகாக இருந்தது. "எழுத்துல பார்த்தா அனுபவம் இவங்களுக்குத்தான் இருக்கு," என்று வீரலட்சுமியைக் காட்டினார். "பயிற்சிக்கு இவங்களை அனுப்புறீங்களா?"

"பதினோரு மாசம் வெளியூர்லயா? எங்க வீட்டுப் பொம்பளைக திருப்புல்லாணித் தேருக்கே கூண்டு வண்டியில தெரை கட்டித்தாம்மா போவாக."

"நான் போறேம்மா," என்றாள் பூமயில். குரல் அவளை அறியாமல் வந்துவிட்டது. "நாந்தேம்மா சொல்லிக் குடுத்தேன்."

"தெரியுதும்மா. பிள்ளைங்களைப் பார்த்தாலே தெரியுது. ஆனா சட்டப்படி நீங்க ஆயா. இதுல யார் கையெழுத்து இருக்கோ அவங்கதான் டீச்சர். அவங்களே எழுதிக் கொடுத்தாதான் நான் மேல அனுப்ப முடியும்."

வீரலட்சுமி பிள்ளைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வந்ததிலிருந்து அவள் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன; பெயர்களுக்கு முகம் தேடிக்கொண்டிருந்தாள்.

"இதுல இருளாண்டி யாரு?" என்றாள்.

கன்னம் ஒட்டிய ஒரு பையன் கையைத் தூக்கினான்.

அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நாற்காலிக்கு வந்தாள். மாமனார் பார்த்துக்கொண்டு நிற்க, அதில் உட்கார்ந்தாள்.

"பேனா குடுங்கம்மா."

உலகம்மாள் பேனாவைக் கொடுத்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார்: "எழுதினா உங்க வேலை போயிரும். திரும்பக் கிடைக்காது."

"எனக்கு எங்க வேல இருந்துச்சும்மா?"

"ஏத்தா, எந்திரி," என்றார் நாகநாதன்.

அவள் எழுந்திருக்கவில்லை. பதிவேட்டின் கடைசித் தாளைக் கிழித்து மடியில் வைத்து எழுதினாள். 'இந்த மூன்று வருடமும் பாடம் சொன்னவர் பூமயில். நான் கையெழுத்து மட்டும் போட்டேன்.' பிள்ளைகள் அவளை வாய் பிளந்து பார்த்தார்கள். நாற்காலிக்கு ஆள் வந்துவிட்டது. பத்து நாள் பழக்கம் சும்மா விடுமா? பால்சாமி கும்பிட்டான். எல்லோரும் கும்பிட்டார்கள்.

"வணக்கம் டீச்சர்!"

பிள்ளைகள் அவளை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. கண்ணீர் தாளில் சொட்டியது. அதைத் துடைத்துவிட்டு, அடியில் கடைசியாக ஒரு தடவை 'வீரலட்சுமி, ஆசிரியை' என்று கையெழுத்துப் போட்டாள்.

உலகம்மாள் தாளைப் பைக்குள் வைத்துக்கொண்டார். "அனுப்புறேன். வரும்னு இப்ப உறுதி சொல்ல முடியாதும்மா," என்று பூமயிலிடம் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

நாகநாதன் ஆள் முன்னால் சத்தம் போடுகிறவர் அல்ல. சாயங்காலம் நாற்காலியை எடுத்து வரச் சொன்னார். மருமகள் தன் முன்னால் உட்கார்ந்த நாற்காலியில் இனித் தான் எப்படி உட்காருவது என்று, அதை வைக்கோல் படப்புக்குப் பின்னால் போட வைத்தார். கொல்லைக் கதவுக்கு உள்பக்கம் புதுப் பூட்டு வந்தது. சின்னச்சாமியை வயலுக்கு வர வேண்டாம் என்றார்கள்.

மறுநாள் காலையில் வேலைக்காரி புதுப் பதிவேடு ஒன்றைக் கொண்டுவந்து கொட்டகை வாசலில் வைத்துவிட்டுப் போனாள். ஆசிரியை என்ற இடத்தில் இளைய மருமகளின் பெயர். படிப்பு எட்டாவது என்று எழுதியிருந்தது. அந்தப் பெண்ணுக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும்.

பூமயில் பெருக்கிக்கொண்டிருந்தாள். நாற்காலி இருந்த இடத்தில், மண் தரையில் நான்கு கால்களின் தடம் பதிந்திருந்தது. அதைப் பெருக்கி அழிக்கப் போன நேரத்தில் பிள்ளைகள் வரிசையாக உள்ளே வந்து, வழக்கம்போலத் திரும்பி, அந்த வெறும் இடத்தைப் பார்த்துக் கும்பிட்டார்கள்.

"வணக்கம் டீச்சர்!"

பூமயில் விளக்குமாற்றை மூலையில் சாத்தினாள். நடந்து போய் அந்த நான்கு தடங்களுக்கும் நடுவே நின்றாள்.

"வணக்கம். எல்லாரும் உக்காருங்க."

மீனம்மாள் மட்டும் உட்காரவில்லை. "ஏ பூமயிலு, நீ அங்கன நிக்கக் கூடாது. அது டீச்சர் எடம்."

"ஆமா தாயி," என்றாள் பூமயில், நகராமல். "அதுக்குத்தேன் நிக்கிறேன்."

குழந்தை அவளை ஏற இறங்கப் பார்த்தது. கொஞ்சம் யோசித்தது. பிறகு பால்சாமி பக்கத்தில், வெறும் தரையில் உட்கார்ந்துகொண்டு கேட்டது:

"டீச்சர், இன்னிக்கு நண்டுப் பாட்டா?"