திறந்து கிடந்த கடவுச்சொல்

…காலையிலேயே கடவுச்சொல்லை மாற்றி, அது எழுதியிருந்த கோப்பையும் யாரும் திறக்க முடியாதபடி அடைத்துவிட்டாள்தான், ஆனால் வெளியே போய்விட்ட கடிதத்தை எதைக்கொண்டு பூட்டுவது, என்று ஜெர்மனியின் எசன் நகர மழையில் டிராமில் வரும்போது நினைத்ததையே, நேசமலர் அக்கா வைத்த தேநீருக்கு முன்னாலும் நினைத்துக்கொண்டிருந்தாள் அம்பிகா. தமிழ்ச் சங்கத்தின் இணையத்தளத்தில் வரன் தேடும் திருமணப் பகுதியைச் செய்தவள் அவள்தானே, வருகிற மின்னஞ்சல்களைத் தானாக எடுத்து அடுக்கும் பிளகின் என்ற துணைநிரலைப் போட்டு, அஞ்சல்பெட்டியின் கடவுச்சொல்லை அதன் கோப்பிலேயே எழுதி… ஏன் எழுதினாள்? வருடாவருடம் நிர்வாகம் மாறும், புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் 'பிள்ளை, பாஸ்வேர்ட் என்ன?' என்று போன் எடுப்பார்கள், அதில் பார்த்துக்கொள்ளட்டும் என்றுதான். கோப்பின் இணைய முகவரி தெரிந்த எவரும் பார்க்கலாமே என்று தோன்றவே இல்லையா? தோன்றியது, பிறகு பார்ப்போம் என்று விட்டாள்… அந்தப் பெட்டிக்குத்தான் அக்கா எழுதியிருந்தாள், ஊரில் ஏற்கெனவே ஒரு கலியாணம் நடந்தது, அவர் சண்டையில் காணாமல் போய்விட்டார், இதை வெளியில் போடவேண்டாம், எனக்குப் பேசியிருக்கிற விமலநாதனிடம் நானே சொல்கிறேன் என்று. அவள் சொல்லுமுன் விமலநாதனின் தமக்கை அதை எப்படியோ அறிந்து தொலைபேசியில் அவளிடமே கேட்டுவிட்டாள்.

“எல்லாம் எங்கடை செயலாளர் சிவகுருநாதன் அண்ணையின்ரை வேலை. வாய் இல்லாட்டி அந்த மனுசனை நாய் தூக்கிக்கொண்டு போயிடும்,” என்றாள் அக்கா.

அப்படியே விட்டுவிடலாமே, அவர் மேல் எத்தனையோ பழி, இதுவும் ஒன்றாகப் போகட்டுமே… ஆனால் அக்கா பிஸ்கட் தட்டை அவள் பக்கம் தள்ளினாள், அதைத்தான் தாங்க முடியவில்லை.

“அவரில்லை அக்கா. பெட்டியின்ரை பாஸ்வேர்டை ஆரும் பாக்கிற இடத்திலை நான்தான் விட்டிட்டன். ஆரோ எடுத்து வாசிச்சிருக்கினம்.”

அக்கா வெகுநேரம் தேநீரைக் கலக்கினாள், சீனி எப்போதோ கரைந்திருக்கும்.

“அப்ப நீயும் வாசிச்சனியோ?”

“ஓம் அக்கா… மாசியிலை. பிளகின் வேலை செய்யுதோ எண்டு பாக்க.”

“மாசியிலையிருந்து தெரியும். கிழமைக்குக் கிழமை வந்து என்ரை கையாலை தேத்தண்ணி குடிக்கிறாய். ஒரு வார்த்தை கேக்கேல்லையேடி.”

கேட்காதது மரியாதை என்றல்லவா இத்தனை நாள் நினைத்திருந்தாள்… மரியாதையா? அன்று திரையில் அந்தக் கடிதத்தின் தமிழ் எழுத்துகள் கட்டம் கட்டமாக உடையாமல் வந்து விழுந்ததற்குத் தனியாக இருந்து கைதட்டியது நினைவிருந்தது, தேதி சரியான இடத்தில் நின்றதுகூட நினைவிருந்தது. காணாமல் போனவரின் பெயரையும் அக்கா எழுதியிருந்தாள், அந்தப் பெயர்… ஆறிய கோப்பையை இரு கைகளாலும் பிடித்தபடி அம்பிகா தேடிப் பார்த்தாள், அது நினைவுக்கு வரவேயில்லை.