கடைசிப் பத்து நிமிடம்

ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு காலத்தில் ஏகநாதன் குடும்பத்துக்கு நிறைய நிலம். எனக்கு அங்கே ஒரு பாத்திரக்கடை. எங்கள் இருவருக்கும் பொதுவானவை கால்பந்தும் முழங்கால் வலியும்தான். நேரு ஸ்டேடியத்தில் சென்னை அணி ஆடினால் போய்விடுவோம். முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது எழுந்துவிடுவோம். பார்க் ஸ்டேஷனில் கூட்டம் சேர்வதற்குள் தாம்பரம் ரயிலில் ஜன்னலோரம் பிடிக்க வேண்டுமே! ஒருமுறை நாங்கள் கிளம்பியபின் விழுந்த கோலின் ஆரவாரம் ரயிலைத் துரத்திவந்து கிண்டியில் ஏறிக்கொண்டது. டிக்கெட் இல்லையென்று பரிசோதகர் அதைப் பல்லாவரத்தில் இறக்கிவிட்டார்.

ஏகநாதனின் மகன் விக்கிக்கு எங்கள் வழக்கம் பிடிக்காது. அவன் கோலுக்குப் பின்னால் நின்றபடியே டிரம் அடிக்கிற கோஷ்டி. ஆட்டம் முடிந்து, வீரர்கள் அந்த ஸ்டாண்டுக்கு முன்னால் வந்து கைதட்டும்வரை அவர்கள் நகரமாட்டார்கள். ஒரு தோல்விக்கு மறுநாள் என் கடை வாசலிலேயே தகப்பனைப் பிடித்துக்கொண்டான்.

“தோக்கும்போது எழுந்து போறவன்லாம் ரசிகனாப்பா? நீ என் அப்பான்னு பசங்களாண்ட சொல்லவே வெக்கமா கீது.”

“ட்ரெயின்ல நிக்க முடியலடா.”

“அப்போ வூட்லயே டிவி பாரு.”

அதன்பின் சோறு, தண்ணீர், சாவி தவிர இருவருக்கும் வேறு பேச்சில்லை.

சீசனின் கடைசி ஆட்டம் வந்தது. ஏகநாதனுக்கு இரண்டு படி ஏறினாலே மூச்சு வாங்கும். டாக்டர் போகாதே என்றிருந்தார்.

“இன்னிக்கு முடியற வரிக்கும் குந்திகினு கீறேன் பாய். எதிர்ல நின்னு அவன் பாக்கட்டும்” என்றான்.

“அவனாண்ட சொன்னியா?”

“சொல்லிட்டு செஞ்சா இன்னா மரியாதை?”

மூன்று கோல் வாங்கிவிட்டோம். கடைசிப் பத்து நிமிடம். பழக்கதோஷத்தில் நான் பாதி எழுந்துவிட்டேன். ஏகநாதன் என் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தான். அப்போதுதான் எதிரே டிரம் நின்றது. பேனர்களைச் சுருட்டினார்கள். நிர்வாகத்தைக் கண்டித்து மொத்தக் கோஷ்டியும் வெளிநடப்பு. காலையிலேயே வாட்ஸ்அப் குரூப்பில் பேசி முடிவெடுத்திருக்கிறார்கள். கிழங்களுக்கு அந்தக் குரூப்பில் இடமில்லை.

ஏகநாதன் புருவத்தின்மேல் கைவைத்துத் தேடினான். நாற்காலிகள்தான் தெரிந்தன.

போன் அடித்தது. விக்கி.

“எங்கப்பா கீற? நாங்க வாக்அவுட் பண்ணிட்டோம். நீ வழக்கம்போல கெளம்பிருப்பியே?”

உட்கார்ந்திருக்கிறேன் என்றால் இப்போது அதுவும் குற்றமாகிவிடும்.

“ஆமாண்டா. ட்ரெயின்ல கீறேன்.”

விசில் ஒலித்தது. வீரர்கள் பழக்கத்தில் அந்த வெற்று ஸ்டாண்டை நோக்கி நடந்து, பாதியில் நின்றுவிட்டார்கள். ஏகநாதன் எழுந்து கைதட்டினான். மூச்சு வாங்க வாங்கத் தட்டினான். நானும் தட்டினேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆடி மாதம் போய்ச்சேர்ந்தான். சாவு வீட்டில் விக்கி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“ஒரு மேட்ச்சாவது முடியற வரிக்கும் பாத்திருக்கலாம்ல பாய், எங்கப்பா?”

நான் சொன்னேன். சட்டையைப் பிடித்ததை, போனில் சொன்ன பொய்யை, கைதட்டியதை. ஒரு சொல் கூட்டவில்லை.

அவன் அழுதுகொண்டே சிரித்தான். என் கையைத் தட்டிக்கொடுத்தான்.

“தேங்க்ஸ் பாய். கதை நல்லா கீது.”