இழுத்துவிடும் கை

பிரதீபா எல்லைக் கோட்டைத் தாண்டிவிட்டாள். பந்தைப் புல்லில் அறைந்து திரும்பினால், அவளுடைய அணியில் ஒருத்தியும் கத்தவில்லை. நடுவர் விசிலோடு ஓடிவந்து தன் இடுப்பைத் தட்டிக் காட்டினார்.

மறுபடியும் அந்தக் கை!

பழைய மாணவர்கள் திரும்பி வரும் ஹோம்கமிங் சனிக்கிழமையில் படிக்கிற பெண்களும் படித்து முடித்த பெண்களும் மோதுவது கல்லூரி வழக்கம். ஃப்ளாக் ஃபுட்போலில் ஆளைப் பிடித்து விழுத்துவதில்லை. இடுப்பின் இரு பக்கமும் தொங்கும் நாடாவில் ஒன்றை உருவினால் போதும், ஓடியவள் நிற்க வேண்டியதுதான். நாடாவைக் கையால் மறைப்பது குற்றம். பிரதீபா மறைக்க நினைத்ததே இல்லை. பன்னிரண்டு வயதிலிருந்து, எழும்பினால், குனிந்தால், ஆட்கள் இருக்கிற வீட்டு ஹோலைத் தாண்டினால், அம்மாவின் குரல் பின்னால் வரும்: "பிள்ளை, உடுப்பை இழுத்துவிடு." இப்போது குரலே தேவையில்லை. ஜெர்சி காற்சட்டைக்குள் செருகிக் கிடக்கிறது, இழுக்க விளிம்புகூட இல்லை. ஆனாலும் ஓட்டம் பிடித்தால் வலது கை தானாக இடுப்புக்கு, நாடாவுக்கு மேலே போய்விடுகிறது.

"ரெண்டாந்தரம்!" கப்டன் ஸனா தலையில் கை வைத்தாள். "சீரியஸ்லி பிரதீ, உந்தக் கையைக் கழட்டி பெஞ்சிலை வைச்சிட்டு ஓடு."

பழைய மாணவிகள் ஐந்து புள்ளி முன்னால். ஒன்பது விநாடி மிச்சம். இன்னும் ஒரே ஒரு ஓட்டத்துக்குத்தான் நேரம்; கோட்டைத் தாண்டினால் ஆறு புள்ளி.

"உனக்குப் பதிலா துர்க்காவை இறக்கிறன். நீ இரு."

"ஏலாது. நான்தான் ஓடுவன்."

"கை?"

"என்ரை கை. நான் பாக்கிறன்."

ஸனா அவளை ஒரு கணம் முறைத்தாள். பிறகு பந்தை எடுக்கப் போனாள்.

வேலை ஜக்கெற்றோடு நேரே வந்திருந்த அம்மா, வேலிக்கு மேலால் எட்டினாள். "ஏன் பிள்ளை அவன் விசில் ஊதினவன்?"

"உடுப்பை இழுத்ததுக்கு அம்மா."

"உதுக்குமோ?"

"ஓம். பத்து யார்ட் பின்னுக்கு."

அம்மா வேலியோரமாகக் கோட்டுப் பக்கம் நகரத் தொடங்கினாள்.

பந்து உயர வந்தது. பிரதீபா எகிறிப் பிடித்து இடது கக்கத்தில் இறுக்கினாள். ஓட்டம். முதல் ஐந்து அடியிலேயே வலது கை இறங்கப் பார்த்தது. விரல்களை முஷ்டியாக்கி முன்னால் எறிந்தாள். மறுபடி இறங்கியது. மறுபடி எறிந்தாள். எதிரே வந்த ஒருத்தி பாய்ந்து, காற்றைப் பிடித்துக்கொண்டு விழுந்தாள். ஜெர்சி காற்சட்டையிலிருந்து கழன்று மேலே ஏறியது. ஒக்டோபர்க் குளிர் வெறும் இடுப்பில் அறைந்தது. அறையட்டும்! கோடு இன்னும் ஆறு அடி. பின்னால் சப்பாத்துச் சத்தம் நெருங்கியது. யாருடையதோ விரல்நுனி நாடாவின் நுனியை உரசி நழுவியது.

கோட்டுக்கு அப்பால், வேலியோடு ஓடிவந்து நின்ற அம்மா மகளின் இடுப்பையே பார்த்தபடி, இரண்டு கையாலும் தன் ஜக்கெற்றைக் கீழே கீழே இழுத்துக்கொண்டிருந்தாள்.