கோழிக்கு ஒன்றும் ஆகவில்லை

அத்தான் கொண்டுவந்து வைத்த மாவுப் பொட்டலத்தை அவள் பாதி விளையாட்டாகத்தான் வாங்கிக்கொண்டாள். அத்தான் என்றால் அக்காவின் கணவர், கோழிப்பண்ணைக்காரர், எதையும் சிரித்தே ஊதித்தள்ளுகிற ஆள். மழையில் நனைந்த மூட்டையிலிருந்து எடுத்த தீவன மாவு அது. லேசாகப் பூஞ்சை வாடை அடித்தது.

"தின்னுட்டுக் கோழியெல்லாம் கொழுகொழுன்னு நிக்குது. உங்கக்காதான் வாடை அடிக்குதுன்னு உயிரை எடுக்கறா. ஒண்ணும் இல்லேன்னு நீ சொல்லிட்டா வாயை மூடிக்குவா."

அவள் வேலை பார்த்த ஆய்வகத்தில் தோல் செல்களைத் தட்டுகளில் வளர்ப்பார்கள். உணவில் கலக்கும் நஞ்சு தோலை என்ன செய்கிறது என்று பார்ப்பதுதான் வேலை. மாவை ஊறவைத்துச் சாறு எடுத்து, கோழித்தோல் செல்கள் இருந்த தட்டில் விட்டாள். வழக்கப்படி மனிதத்தோல் செல்களுக்கும் அதே அளவு. ஒப்பிட்டுப் பார்க்கச் சாறு விடாத தட்டு ஒன்றையும் வைத்தாள். அத்தானுக்குச் சொல்லவேண்டிய பதில் மனசுக்குள் ஏற்கெனவே தயாராக இருந்தது.

மறுநாள் நுண்ணோக்கியில் பார்த்தபோது கோழித்தோல் செல்கள் தரைக்கல் பதித்த மாதிரி நெருக்கமாக இருந்தன. அடுத்து மனிதத்தோல் செல்கள் இருந்த தட்டை வைத்தாள். பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள். ஒட்டிக்கொண்டிருக்க வேண்டிய செல்களெல்லாம் சுருண்டு, பெயர்ந்து, தூசி மாதிரி மிதந்தன. ஒன்றுகூடத் தேறவில்லை.

"தட்டை மாத்தி வெச்சுட்டேன் போல," என்றாள் பக்கத்து மேசைத் தோழியிடம்.

தோழி குனிந்து பார்த்தாள். "மாத்தல. சாறு விடாத தட்டு நல்லாத்தானே இருக்கு. தண்ணி கலந்து இன்னொரு தடவை போட்டுப் பாரு."

நிறையவே நீர்த்துப் போட்டாள். கோழிச் செல்கள் அசைந்துகொடுக்கவில்லை. மனிதச் செல்கள் அப்போதும் பிழைக்கவில்லை.

உட்கார்ந்தபடியே அக்காவுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, அந்த மாவை நீ கையால தொட்டியா?"

"நல்லா இருக்கே கேள்வி. காலாலயா தொடுவாங்க? தினமும் நான்தானே பிசையறேன்."

"கை எப்படி இருக்கு?"

அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "தோல் உரியுதுடி. சோப்பு ஒத்துக்கலன்னு நெனச்சேன். இப்ப முழங்கை வரைக்கும் வந்துருச்சு. உங்க அத்தானுக்குத் தெரியாது. சொன்னா, வேலை செய்ய உடம்பு வணங்கலன்னு கேலி பண்ணுவாரு. அதான் முழுக்கைச் சட்டை போட்டுக்கறேன்."

போட்டது போட்டபடி கிளம்பிப் போனாள். பண்ணை வாசலில் நின்ற அத்தான், "என்ன, கோழி ஜெயிச்சுதா?" என்றார்.

அவள் அக்காவைக் கூப்பிட்டுச் சட்டைக்கையை மேலே ஏற்றினாள். முழங்கைவரை செக்கச்செவேலென்று வெந்து கிடந்தது.

"கோழித்தோல் வேற, நம்ம தோல் வேற அத்தான். அது தாங்கிக்குது. நம்மளால முடியாது."

அத்தான் அறை வாங்கினவர் மாதிரி நின்றார். மனைவியைத் தொடக் கை நீட்டினார். எங்கே தொடுவதென்று தெரியாமல் கை அந்தரத்திலேயே நின்றுவிட்டது.

அன்றே மருத்துவரிடம் கூட்டிப்போனார்கள். ஆறிவிடும், மாவுப் பக்கமே போகக்கூடாது என்றார் அவர். திரும்பி வந்ததும் அத்தான் மூட்டைகளைத் தனியே வைத்துப் பூட்டினார். ஒரு வேடிக்கைப் பேச்சுகூட அவரிடமிருந்து வரவில்லை. பூட்டின கையோடு மச்சினியிடம் வந்தார்.

"முட்டையை ஊர் பூரா வித்தேனேம்மா. அந்த விஷம் அதுல இறங்கியிருக்குமா?"

"தெரியல அத்தான். பாத்தாதான் தெரியும்."

சோதனைக்கு முட்டை எடுத்துவர அவர் கூண்டுப் பக்கம் ஓட்டமும் நடையுமாகப் போனார்.